அப்பா வீட்ல இருக்கணும்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் என்பதால் வைத்த பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கூட இருந்து பார்த்தால் இன்னொரு காரணமும் விளங்கிவிடும். ஒரு கால்புள்ளிக்காக மதியச் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை போடுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? முதுகுக்குப் பின்னால் தனக்கு அந்தப் பெயர் இருப்பது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நடைவழியின் கோடியில் இருந்தது அவளுடைய பிரிவு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கூட்டிப் போகப்பட்டு, சொன்ன தேதியில் திரும்பி வராத குழந்தைகளின் கோப்புகள் அங்கேதான் இருந்தன. அம்மா இங்கே, அப்பா அங்கே. இல்லாவிட்டால் அப்பா இங்கே, அம்மா அங்கே. நடுவில் ஒரு குழந்தை. குழந்தைகளுக்கான பிரிவாயிற்றே என்று யாரோ ஒரு புண்ணியவான் சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்க்க ஒரு குழந்தைகூட அந்த அறைக்குள் வந்ததில்லை. வந்ததெல்லாம் பெரியவர்கள்தான். பாதிப்பேர் வாசலிலேயே அழுது முடித்துவிட்டு வருவார்கள், மீதிப்பேர் உள்ளே வந்து ஆரம்பிப்பார்கள்.

வருகிற காகிதத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி, கடைசிப் பக்கத்தில் ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று முத்திரை குத்துவது அகராதியின் வேலை. அந்த முத்திரை அரசாங்கம் அவள் பேரில் கொடுத்தது. அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, பூட்டியதை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பத்தொன்பது வருடத்தில் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்ட ஒரு காகிதம் அவள் மேசையிலிருந்து போனதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள், மற்றவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணி வாக்கில் கண்ணாடிக்கடைப் பெண் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இப்பத் தெரியுதா? இது தெளிவா, முன்னாடி வெச்சது தெளிவா?’ என்று கேட்டுக் கேட்டு, அவள் பேச்சிலேயே ஒரு பொறுமை வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பொறுமையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் வருகிற பொறுமை அது.

அவள் கதை இதுதான். கணவன் மூன்று வருடம் முன்பு வேறு நாட்டுக்கு, ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனான். தொலைபேசியிலேயே சண்டை வளர்ந்தது. கொஞ்ச நாளில் சண்டை போடவும் பேச்சில்லாமல் போயிற்று. மகளோடு மட்டும் பேசுவான். எட்டு வயது மகள், வீட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி விடுமுறைக்கு வந்தவன், ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அனுப்புகிறேன் என்று மகளைக் கூட்டிப் போனான். மாதம் முடிந்த அன்று, ‘இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்’ என்று ஒரு வரிச் செய்தி வந்தது. இப்போது ஏழு மாதம் ஆகிறது.

அம்மா விண்ணப்பம் போட்டாள். இரண்டு அரசாங்கங்களும் உள்ளே வந்தன. குழந்தை எங்கே வளர்ந்ததோ அங்கே திரும்ப வேண்டும், அம்மா அப்பா சண்டையை அங்கே வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இரண்டு நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஆனால் விவரம் தெரிந்த குழந்தை வர மாட்டேன் என்று சொன்னால், அதையும் நீதிபதி காதில் வாங்கிக்கொள்ளலாம். அதனால் அந்த நாட்டுக் குழந்தைகள் நல அதிகாரி, தமிழ் தெரிந்த ஒரு மாணவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பட்டாணியிடம் பேசினார். பேச்சைப் பதிவு செய்து, அந்த மாணவியே தமிழில் தட்டச்சு செய்து, பதினொரு பக்கம் வந்தது. அங்கே அரசாங்க அங்கீகாரம் பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாததால், இருதரப்பு வக்கீல்களும் சம்மதித்து, அது அகராதியின் மேசைக்கு வந்தது. அவள் ஒரே நாளில் முடித்து, முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள்.

அதைப் படித்த அப்பாவின் வக்கீல், ‘குழந்தை தந்தையின் இல்லத்தில் வசிக்கவே விரும்புகிறது’ என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையும் அகராதிதான் தமிழாக்கி அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள். விசாரணை வருகிற வியாழக்கிழமை.

“வாபஸ் வாங்கணும் மேடம்,” என்றாள் கண்ணாடிக்கடைப் பெண். “அதுக்கு ஏதோ படிவம் இருக்காமே.”

“வியாழக்கிழமை விசாரணைய வெச்சுக்கிட்டு இப்பப் போயி வாபஸ்ங்கறீங்க?”

“அவளே அங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டா. அப்புறம் நான் யாரு மேடம், கோர்ட்ட வெச்சு, அதிகாரிய வெச்சு அவளத் தரதரன்னு இழுத்துட்டு வர்றதுக்கு? வந்தா மட்டும் என் மூஞ்சியப் பாப்பாளா?”

சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு நிறைய பதில் சொல்வார்கள். அகராதி படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பேனாவைத் திறந்து, பெயர், முகவரி எல்லாம் பளிச்சென்று எழுதினாள். ‘காரணம்’ என்கிற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனசு ஆறல,” என்றாள். “அந்த எடத்தப் போயி வீடுன்னு சொல்லியிருக்கா பாருங்க. போன்ல ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல. ரூம்னுதான் சொல்லுவா. ‘ரூம்ல ஹீட்டர் கத்துதும்மா, அப்பா ரூம்ல ஜன்னலே தொறக்க முடியாதும்மா’ன்னு. வீடுன்னா எங்க வீடுதான் அவளுக்கு. சரி, ஏழு மாசமாச்சு. பழகிப்போச்சு போல.”

“இப்ப என்ன சொன்னீங்க?”

“பழகிப்போச்சு போலன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“ரூம்னுதான் சொல்லுவான்னு…”

அகராதி எழுந்து அலமாரிக்குப் போனாள். கோப்பை எடுத்து, நின்றபடியே நாடாவை அவிழ்த்து, ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். மாணவியின் கேள்வி: ‘உனக்கு என்ன வேணும்? யோசிச்சு சொல்லு.’ பதில்: ‘அப்பா வீட்ல இருக்கணும். தினமும்.’ அதற்கு அடுத்தாற்போல் அடைப்புக்குறிக்குள் ‘தெளிவில்லை’ என்று இருந்தது.

ஒரு தரம் படித்தாள். அப்பாவுடைய வீட்டில் நான் இருக்க வேண்டும். அவள் மொழிபெயர்த்தது அதைத்தான். இன்னொரு தரம், அப்பாவுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்திப் படித்தாள். அப்பா, வீட்டில் இருக்க வேண்டும்.

எழுத்து அதேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. நம் மொழியில் யார் என்று சொல்லாமலே வாக்கியம் நடந்துவிடும், யாருடையது என்று சொல்லாமலே வீடும் நின்றுவிடும். அந்த நாட்டு மொழியில் அப்படி முடியாது. யாராவது ஒருவரை முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். அகராதி ‘நான்’ என்பதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். யோசித்து நிறுத்தினாளா என்றால் அதுவும் இல்லை. இரண்டு வினாடி ஆகியிருக்குமா? அவ்வளவுதான். ஒரு கால்புள்ளிக்காகச் சாப்பாட்டை ஆறவிடுகிறவள், ஒரு குழந்தை எந்த நாட்டில் வளர வேண்டும் என்பதை இரண்டு வினாடியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்து படிவத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“இதுல இன்னிக்குக் கையெழுத்துப் போடாதீங்கம்மா.”

“ஏன் மேடம்?”

“நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன்னு நெனைக்கிறேன். நிச்சயமாத் தெரியாம உங்களுக்கு ஆசை காட்டக்கூடாது. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிடறேன்.”

அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் ‘நான் தப்புப் பண்ணியிருக்கேன்’ என்று சொல்லி அந்தப் பெண் கேட்டதே இல்லை போலிருக்கிறது. மறுபேச்சு பேசாமல் எழுந்து போனாள்.

பிரிவின் கண்காணிப்பாளருக்கு ‘பார்க்கலாம்’ என்று பெயர். லீவு கேட்டாலும் பார்க்கலாம், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. அதுவரை எந்தக் காகிதமும் தன் பக்கம் திரும்பிக் குரைக்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிற மனிதர். அகராதி அவர் எதிரில் உட்கார்ந்து ஏழாம் பக்கத்தை இரண்டு விதமாகவும் படித்துக் காட்டினாள்.

“ரெண்டு மாதிரியும் வருதுங்கறீங்க,” என்றார்.

“ஆமா சார்.”

“அப்ப நீங்க எழுதினதும் சரிதானே? சரியா இருக்கறத எதுக்குத் திருத்தணும்?”

“ரெண்டும் வரும்னு கீழ ஒரு குறிப்புப் போட்டிருந்தா சரி சார். நான் போடல. ஏன்னா எனக்கு ரெண்டாவது தோணவே இல்ல.”

“அந்தம்மா வந்து அழுதுச்சா?”

“அதனாலதான் இப்படிச் சொல்றேன்னு நெனைக்கறீங்களா?”

“நான் நெனைக்கலம்மா. அந்தப் பக்கத்து வக்கீல் நெனைப்பாரு. விசாரணைக்கு மூணு நாள் இருக்கறப்பப் போயி திருத்தம்னு நீட்டினா, அரசாங்கமே அம்மா பக்கம் சாஞ்சிடுச்சும்பாரு. அப்புறம் உங்க முத்திரை மேல விசாரணை வரும். அதப் புடுங்கிட்டாங்கன்னா பத்தொம்பது வருஷமும் போச்சு.”

“போனாப் போகட்டும் சார். இந்த வரிய இப்படியே விட்டுட்டு அந்த முத்திரைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? காகிதம் பறக்காம இருக்க மேல வெக்கவா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. அடுத்து அந்தப் பிரபலமான சொல் வரப்போகிறது என்று அகராதி காத்திருந்தாள். வந்ததும் என்ன சண்டை போடுவது என்றுகூட மனதுக்குள் தயார் செய்துவிட்டாள்.

“பேப்பர மட்டும் வெச்சுக்கிட்டு நீங்களும் நானும் அடிச்சுக்கறதுல பிரயோஜனமில்ல,” என்றார் அவர். “அந்த ஒலிப்பதிவ வரவழைங்க. அவசரம்னு என் பேர்ல கேளுங்க.”

தயார் செய்து வைத்திருந்த சண்டை அப்படியே வீணாயிற்று.

மறுநாள் மூன்று மணிக்கு ஒலிப்பதிவு வந்தது. கண்காணிப்பாளர் அறையில், கணினிக்கு இரண்டு பக்கமும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். அதிகாரியின் குரல், மாணவியின் குரல், இடையிடையே எதையோ கொறிக்கிற சத்தம். பட்டாணி பேசுவதை அகராதி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். பதினொரு பக்கம் மொழிபெயர்த்தவள், அந்தக் குழந்தைக்குக் குரல் என்று ஒன்று உண்டு என்பதையே நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கொஞ்சம் கட்டைக் குரல். ‘ர’ சரியாக வரவில்லை.

“உனக்கு என்ன வேணும்? யோசிச்சு சொல்லு.”

கொறிப்பது நின்றது. “அப்பா…” ஒரு சின்ன மூச்சு. “வீட்ல இருக்கணும். தினமும்.”

பக்கத்துப் பையன் பென்சிலை எடுத்துவிட்டான் என்று ஆசிரியரிடம் புகார் சொல்லுகிற மாதிரி இருந்தது அந்தத் தொனி. அகராதி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு மூச்சைத் தட்டச்சு செய்ய எந்த விசையும் கிடையாது.

“இதுக்கப்புறம் ஏதோ சொல்லுது,” என்றார் கண்காணிப்பாளர். “தெளிவில்லைன்னு போட்டிருக்காங்களே, அந்த எடம்.”

யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் அந்த இடம் முங்கிக் கிடந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். காதொலிப்பானை ஆளுக்கு ஒரு பக்கமாகக் காதில் வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டக் கேட்டார்கள். அந்த நேரம் யாராவது உள்ளே வந்திருந்தால் கதை கட்டிவிட்டிருப்பார்கள். ஆறாவது முறை அவர்தான் கண்டுபிடித்தார். “கதவு! கதவுன்னு சொல்லுது!” அதைப் பிடித்துக்கொண்டு போனதும் மற்றதும் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

“கதவு மாட்டிக்கும். அம்மாவால தனியாத் தள்ள முடியாது.”

கண்காணிப்பாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்த திரையை இழுத்துச் சரி செய்தார். நாலு மணிக்குள் திருத்தம் தயாராயிற்று. பக்கம் ஏழு, வரி பன்னிரண்டு, முன்பு எழுதியது தவறு, சரியானது இது, விடுபட்ட வாக்கியம் இது. ‘தவறு’ என்கிற இடத்தில் அவர் விரல் வைத்தார்.

“தெளிவுபடுத்தல்னு போட்டுக்கலாமே. காதுக்கு நல்லா இருக்குமே.”

“தப்பு தப்புதானே சார். பூசி மெழுக வேணாம்.”

“அகராதி!” என்றார் அவர் பட்டென்று. நேருக்கு நேர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் ஒரு கணம் சங்கடமாகி, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவள் முத்திரை குத்தினாள். அதன் கீழே யாரும் கேட்காமலே அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக்கடைப் பெண் வந்தபோது அகராதி சொன்னபடி எதையும் மறைக்கவில்லை.

“அப்ப என்கிட்ட வரணும்னு சொல்லியிருக்காளா?” அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அதை அப்படியே விட்டுவிடலாம்தான். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இன்னொருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியதால் வந்த வினைதானே இவ்வளவும்.

“அப்படியும் சொல்லலம்மா. வீட்ல அவங்க அப்பா இருக்கணும்னு சொல்லியிருக்கா. தினமும் இருக்கணுமாம். கதவு மாட்டிக்குமாம், உங்களால தனியாத் தள்ள முடியாதாம்.”

அந்தப் பெண் அறைக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

“மழை வந்தா உப்பிக்கும் மேடம் அந்தக் கதவு. அவருதான் தோளால ஒரு இடி இடிச்சுத் தொறப்பாரு. அவரு போனப்புறம் ஒரு நாள், நானும் அவளும் வெளிய நனைஞ்சுக்கிட்டே நிக்கறோம், கதவு அசையல. நான் அப்படியே படியில உக்காந்து அழுதுட்டேன். கதவுக்காகவா அழுதேன்? அவ என்னடான்னா, கதவுக்காகத்தான்னு நெனைச்சுக்கிட்டிருக்கா.” முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். “போன மாசம்தான் தச்சர் வந்து இழைச்சுக் கொடுத்தாரு. இப்ப ஒரு வெரலால தள்ளினாலே போதும். அது அவளுக்குத் தெரியாது.”

“அந்தப் படிவம் என்கிட்டதான் இருக்கு,” என்றாள் அகராதி. “என்ன பண்ணட்டும்?”

“கிழிச்சுடுங்க.”

வியாழக்கிழமை முதல் மாடியில், திரை வைத்த சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்டு நீதிமன்றம் திரையில் தெரிந்தது. குட்டையாக முடி வெட்டிய, நரைத்த பெண் நீதிபதி. ஒரு பக்க மேசையில் அப்பா, தோளில் நிற்காத பெரிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு. இரவல் கோட்டாக இருக்க வேண்டும். பக்கத்தில் அவனுடைய வக்கீல். எதிர் மேசையில், அம்மாவுக்காக அந்த நாட்டு அரசாங்கம் வைத்த வக்கீல். இந்தப் பக்கத்தில் கண்ணாடிக்கடைப் பெண்ணும் அகராதியும் அடுத்தடுத்த நாற்காலியில். அன்றைக்கு அகராதிக்கு வாய்வழி மொழிபெயர்ப்பு வேலை. அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. அவள் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி.

ஆனால் வக்கீல் அவளை இல்லாத மாதிரி விடவில்லை. எழுந்ததுமே அவள் மேல்தான் பாய்ந்தார். போன மாதம் ஒரு முத்திரை, இந்த வாரம் ஒரு முத்திரை, நீதிமன்றம் எதை நம்புவது? நடுவில் அந்தத் தாய் அந்த அலுவலகத்துக்குப் போய்வந்திருக்கிறாரா இல்லையா? கதவு என்றால் எந்தக் கதவு? தந்தையின் அறைக்கும்தான் கதவு இருக்கிறது.

நீதிபதி அகராதியைப் பார்த்து, இரண்டையும் எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்.

“ஆமாம். முதலில் எழுதியது தவறு. குழந்தையின் குரலைக் கேட்காமல் எழுதினேன்.”

அந்த நாட்டு மொழியில் அதைச் சொல்லும்போது அவள் காது இரண்டும் சுட்டது. நீதிபதி எதையோ குறித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, அப்பா பக்கம் திரும்பினார். தமிழ் தெரிந்தவர் நீங்கள், உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அகராதி கேள்வியைத் தமிழில் அவனிடம் கொடுத்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கொஞ்சம் அழுத்திக் கேட்டால் என்ன என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். அவன் ஒரு பொய் சொன்னால் போதும். ஆமாம், என் ரூமைத்தான் சொன்னாள் என்று ஒரே வாக்கியம் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க உலகத்தில் யாராலும் முடியாது. வக்கீல் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி அவன் பக்கம் தள்ளினார். அவன் அதைப் பார்க்கவில்லை.

“பாப்பா பேசினத ஒரு தடவ போடச் சொல்லுங்க,” என்றான். “நான் இன்னும் கேக்கல. பேப்பர்லதான் படிச்சேன்.”

போட்டார்கள். கட்டைக் குரல் அந்த நீதிமன்றத்திலும் இந்தச் சின்ன அறையிலும் ஒன்றாக ஒலித்தது. நாற்காலி இழுபடுகிற சத்தமும், அதற்கு அடியில் கதவும் அம்மாவும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

“என் ரூம் கதவு சும்மாத் தொறக்குங்க,” என்றான். “அவ சொல்றது எங்க வீட்ட. மழைக்கு உப்பிக்கும். நான்தான் இடிச்சுத் தொறப்பேன்.” நிறுத்தினான். அகராதி அதுவரைக்கும் மொழிபெயர்த்தாள். “எம்பொண்ணு என்கூடத்தான் இருக்க ஆசைப்படறான்னு வக்கீல் சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேற யாருமில்லாத ஊர்ல ஒருத்தியாவது நான் வேணும்னு சொல்றாளேன்னு. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். எனக்கு என்ன வேணுமோ அதையே அவ சொன்னதா எடுத்துக்கிட்டேன்.”

அகராதி அதை அந்த நாட்டு மொழியில் சொன்னாள். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றாள். பத்தொன்பது வருடமாக எத்தனையோ பேருடைய ‘நான்’ அவள் வாய் வழியாகப் போயிருக்கிறது, இந்த ‘நான்’ மட்டும் அவ்வளவு லேசில் போகவில்லை. குரல் பிசிறியது. நீதிபதி நிமிர்ந்து திரையில் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அரைமணி நேர இடைவேளைக்குப் பிறகு உத்தரவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் குழந்தை திரும்ப வேண்டும். யாரோடு வளர்வது, யார் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் இங்கே உள்ள நீதிமன்றத்தின் பொறுப்பு. பயணத்துக்கு அரசாங்க அதிகாரி ஒருவர் துணைக்கு வருவார். பெற்றோர் இருவருக்கும் சம்மதமானால் தந்தையே கூட்டி வரலாம்.

கண்ணாடிக்கடைப் பெண் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் வரப்போகிறாள், அவள் வரப்போகிறாள் என்று உதடு மட்டும் அசைந்தது. அகராதி விதியை மறந்து அவள் தோளில் கை வைத்தாள். இல்லாத ஆளின் கைக்கு அவ்வளவு சூடு இருக்கும் என்று எந்த விதியிலும் எழுதியில்லை.

திரையில் அப்பா மறுபடி எழுந்து நின்றான். நீதிபதியைப் பார்க்காமல் நேராக மனைவியைப் பார்த்தான். மகளைக் கூட்டிப் போன பிறகு அவளிடம் நேராகப் பேசுகிற முதல் பேச்சாக இருக்கும்.

“நானே கூட்டிட்டு வரட்டுமா?” என்றான். “கொண்டாந்து விட்டுட்டு உடனே திரும்பணும்னாலும் சரி. நீ எப்படிச் சொல்றியோ அப்படி.”

அகராதி அதை நீதிபதிக்குச் சொன்னாள். எல்லார் கண்களும் கண்ணாடிக்கடைப் பெண் மேல் திரும்பின. அவள் வில்லையை மாற்றி மாற்றிப் பார்க்கிறவள் மாதிரி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கோபம் இருந்தது. அது எங்கேயும் போய்விடவில்லை.

“வரட்டும்,” என்றாள். “திரும்பறதப் பத்தியெல்லாம் வந்தப்புறம் பேசிக்கலாம்.”

நீதிபதி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். அகராதி வாயைத் திறந்தாள். வரட்டும் என்பதில் சிக்கல் இல்லை. பேசிக்கலாம். யார் பேசிக்கொள்ளலாம்? இரண்டு பக்கத்து வக்கீல்களா? நீதிமன்றத்திலா? அவர்கள் இருவருமா? போன மாதமாக இருந்தால் இரண்டு வினாடியில் யாரையாவது பிடித்து முன்னால் நிறுத்தியிருப்பாள்.

“ஒரு நிமிடம் அனுமதி வேண்டும்,” என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியின் பக்கம் குனிந்தாள்.

“யாரு பேசிக்கலாம்மா? அத நீங்கதான் சொல்லணும். நானா எழுதிக்க மாட்டேன்.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. திரையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

“நாங்கதான்,” என்றாள் மெதுவாக. “நாங்க ரெண்டு பேரும்.”

திரையில் அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அகராதி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, அந்த நாட்டு மொழியில் ‘நாங்கள்’ என்று ஆரம்பித்தாள்.